கன்னத்து ஓரப் புகையிலை: விட நினைக்கும் தாய்மாருக்கு

கர்ப்பப் பரிசோதனைக்குப் போன இடத்தில், "புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டால், அமராவதி நகரிலும் சரி, திருப்பூர் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளிலும் சரி, நம் பெண்கள் அநேகமாக எல்லோரும் "இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. பீடியையோ சிகரெட்டையோ அவர்கள் தொட்டதே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போதே சிலருடைய கன்னத்தின் ஓரத்தில் ஒரு துண்டுப் புகையிலை ஊறிக்கொண்டிருக்கும். கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பழக்கம் யார் கணக்கிலும் ஏறாமல் வயிற்றுப் பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

2016-17-ல் நாடு முழுவதும் பெரியவர்களிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுத்தார்கள். 100 பெண்களில் புகைப்பவர் 2 பேர். மெல்லுவது, அதக்குவது, மூக்கில் இழுப்பது, பல்லில் தேய்ப்பது என்று புகை வராத வழியில் புகையிலையை உபயோகிப்பவர் கிட்டத்தட்ட 13 பேர். சினிமா தொடங்கும் முன் திரையில் வரும் எச்சரிக்கையும், சுவரில் ஒட்டிய சிகரெட் படமும் அந்த 2 பேரிடம்தான் பேசுகின்றன. மற்ற 13 பேர், நமக்கில்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் முதலில் அவர்களுக்காக. பீடி பிடிக்கும் தாய்மாருக்கும் இதில் சொல்லும் வழிகள் பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

அது உங்களுக்கு என்ன வேலை செய்கிறது?

வெளியூராருக்கு அமராவதி நகர் என்றால் அணை, முதலைப் பண்ணை, சைனிக் பள்ளி. அங்கே வாழும் பெண்ணுக்கு அது கரும்பு, தென்னை, நெல் என்று தோட்டங்காட்டு வேலையும், விடியும் முன்பே ரோட்டோரம் வந்து நிற்கும் மில் வேனும் உள்ள ஊர். கொங்கு நாட்டுக்குப் புகையிலையும் புதிதில்லை. ஈரோடு, கோவைப் பக்கம் மெல்லும் புகையிலை தலைமுறை தலைமுறையாக விளைகிறது. பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தது, அம்மாவின் முந்தானை முடிச்சுக்கு வந்தது. இன்று மகளின் கைப்பையில் சின்னப் பொட்டலமாக இருக்கிறது.

விடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாளைக்குப் பழக்கத்தை மாற்றவே வேண்டாம், கவனித்தால் போதும். ஒவ்வொரு முறை வாயில் வைக்கும்போதும், "இப்ப எதுக்குப் போடறேன்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். பசி. தூக்கம். பல்வலி. பஞ்சு. கோபம். சும்மா.

இந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டு, தான் ஒன்றும் சாப்பிடாமல் வேன் ஏறும் பெண்ணுக்குப் புகையிலை பசியை மறைக்கிறது. நைட் ஷிஃப்டில் ஸ்பின்னிங் மில் ஃபிரேமுக்கு முன் நிற்பவளுக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. சொத்தைப் பல்லோடு வருடக்கணக்கில் வாழ்பவளுக்கு வலியை மரத்துப் போக வைக்கிறது. ஒன்றரை ஷிஃப்ட் செக்கிங் டேபிளில் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பவளுக்கு, இந்த உலகத்தில் தனக்கென்று இருக்கும் ஐந்து நிமிடம் அது. இதையெல்லாம் அறியாமல் "அந்தக் கருமத்தை விடு" என்று சொல்பவர், அவளிடம் இருந்த ஒரே மருந்தைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றும். புகையிலை செய்துவந்த வேலையை வேறு ஒன்று செய்ய வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் திரும்பப் போகிறார்கள். மன உறுதி குறைவு என்று அவர்களைப் பழிப்பது அநியாயம்.

வாயில் வைத்தது பிள்ளைக்கு எப்படிப் போகிறது?

"நான் விழுங்கறதே இல்லைங்க, துப்பிடறேன்" என்று சொல்லும் தாய்மார் உண்டு. நிகோடின் உடம்புக்குள் போக விழுங்கவே வேண்டியதில்லை. கன்னத்தின் உள்தோல் மெல்லியது. அதன் வழியாகவே நேராக இரத்தத்தில் கலந்துவிடும். கூடச் சேர்க்கும் சுண்ணாம்பு அதை இன்னும் வேகமாக்குகிறது. வாயில் காரத்தன்மை கூடக் கூட நிகோடின் சுலபமாக உள்ளே இறங்கும். சிகரெட் சில நிமிடத்தில் அணைந்துவிடும். கன்னத்தில் அதக்கிய புகையிலை மணிக்கணக்கில் ஊறிக்கொண்டே இருப்பதால் இரத்தத்தில் நிகோடின் அளவு குறைய நேரமே கிடைப்பதில்லை. இரவு அதக்கிக்கொண்டே தூங்குபவருக்கு விடியும் வரைக்கும் ஓய்வில்லை.

அந்த இரத்தத்தில் கலந்த நிகோடின்தான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிள்ளைக்குப் போகும் உணவும் பிராணவாயுவும் குறையும். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், புகையில்லாப் புகையிலை உபயோகித்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்ததும், குறைப்பிரசவம் கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. அந்தப் பெண்கள் யாரும் சிகரெட் பிடிப்பவர்கள் இல்லை. மும்பை ஆய்வுகளில் வந்த இன்னொரு சேதி, புகையிலை போடும் கர்ப்பிணிகளிடம் இரத்தசோகையும் அதிகம் என்பது. பசியை மறைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடும் தாய்க்கு இரத்தம் எங்கிருந்து ஊறும்? சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று நர்சம்மா சொன்னால், புகையிலையையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று எண்ண வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை எடை வேகமாகக் கூடும். எந்த மாதத்தில் விட்டாலும் அன்று முதல் பிள்ளைக்கு லாபம்தான்.

"வெறும் பாக்குதானுங்க"

புகையிலையை விட்ட பலர் நின்றுபோகும் இடம் இது. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு மட்டும் போட்டுக்கொண்டு, "இது தாம்பூலம், கெடுதல் இல்லை" என்று ஆறுதல் அடைகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்துவிட்டது. பாக்கு இன்னொரு கொடுமையும் செய்யும். கன்னத்தின் உள்தசையை நார்நாராக இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் வாய் எரியும். அப்புறம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு கவளம் சோறு வாயில் வைக்கவே சிரமமாகிவிடும். இறுகிய தசை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. புகையிலையை விடும் நாளிலேயே பாக்கையும் விடுங்கள். கடையில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு வந்தால்? வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். அதனால் மரியாதை எதுவும் குறையாது.

மூக்குப்பொடிக்கும் புகையிலை சேர்ந்த பல்பொடிக்கும் மாறுவதும் இதே கதைதான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்து நம் கம்பெனிகளில் தைக்கும் பெண்களில் சிலர் கைனி போடுவார்கள். சிலர் குடாக்கு, குல் என்று பல்லில் தேய்ப்பார்கள். அவர்களும் தாய்மார்தான். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தச் சேதியைச் சொல்லுங்கள். கீழே தரும் அழைப்பு எண்ணில் இந்தியிலும் பேசுவார்கள்.

முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள்

ஆண்கள் டீக்கடை வாசலில் நின்று பீடி பிடிப்பார்கள்; யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பெண் ஒரு துண்டு பொயலை போட்டால் அது குடும்ப மானப் பிரச்சினை. அதனால் மறைக்கிறாள், மறைப்பதால் உதவி கேட்க முடிவதில்லை. விற்பனைக்குத் தடை இருப்பதும் இந்தப் பயத்தைக் கூட்டியிருக்கிறது. குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 மே மாதம் வந்த தடை வருடந்தோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இந்தத் தடை தயாரிப்பவர், பதுக்குபவர், கடத்துபவர், விற்பவர் மீது பாய்வது. பழக்கத்தை விட உதவி கேட்டு வரும் தாயை யாரும் போலீசில் பிடித்துக்கொடுக்கப் போவதில்லை. இதைத் திடமாக நம்பலாம்.

சொல்வதற்கு நல்ல ஆள் உங்கள் கிராம சுகாதார செவிலியர். அல்லது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர். எப்படித் தொடங்குவது என்று திகைப்பவர்கள் இப்படிச் சொல்லலாம்: "நர்சம்மா, எனக்குப் பொயலை போடற பழக்கம் இருக்குதுங்க. ஒரு நாளைக்கு இத்தனை தடவை போடறேன். விடணும்னு இருக்கறேன், எப்படீங்க விடறது?" எத்தனை முறை, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் முறை, இரவில் அதக்கிக்கொண்டே தூங்குகிறீர்களா என்ற மூன்றையும் சொன்னால் பழக்கத்தின் ஆழம் அவருக்குப் புரிந்துவிடும். எழுந்த அரைமணிக்குள் போடுபவருக்கு உதவி கூடுதலாகத் தேவைப்படும்.

முகம் காட்ட விருப்பமில்லை என்றால் போன் இருக்கிறது. 1800-11-2356 என்பது புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச உதவி எண். 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சிடுகிறார்கள். ஒரு முறை பேசிவிட்டு விட்டுவிடாமல், நாள் குறித்து அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள். தமிழ்நாடு அரசின் 104-லும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். பழக்கத்தின் அடியில் துக்கமோ, வீட்டில் அடி உதையோ, தூக்கமில்லாத இரவுகளோ இருந்தால் 14416 என்ற மனநல எண்ணில் பேசுங்கள். அமராவதி அணைக்கு மேலே வனத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளில் டவர் கிடைப்பது சிரமம். அங்கே இருப்பவர்கள் நர்சம்மா வரும் நாளைத் தவறவிட வேண்டாம்.

நாள் குறிப்பது

கர்ப்பிணி என்றால் நாள் பார்க்க வேண்டியதில்லை, இன்றே. மற்றவர்கள் பத்து நாளுக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். திருப்பூர் வாழ்க்கைக்கு எனக்குச் சரியாகப் படுவது ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு வாரத்துக்கான பொட்டலம் வாங்குவதுதானே வழக்கம்? அந்தச் சனிக்கிழமை வாங்காமல் வீட்டுக்கு வாருங்கள். கம்பெனிக்கு நீண்ட லீவு விடும் பொங்கலும் தீபாவளியும் இன்னும் நல்லது. முதல் மூன்று நாளின் எரிச்சலை மெஷினுக்கு முன்னால் தாங்க வேண்டியிருக்காது. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

அதுவரை உள்ள நாட்களில் இரண்டு மாற்றம் போதும். இரவில் வாயைக் கொப்பளித்துப் பல் துலக்கிவிட்டு வெறும் வாயோடு தூங்குங்கள். காலையில் போடும் முதல் துண்டை அரைமணி, பிறகு ஒரு மணி என்று தள்ளுங்கள். அப்புறம் குறித்த நாளுக்கு முந்தின இரவு, அஞ்சறைப் பெட்டி, அரிசி டின், சாமி அலமாரிக்குப் பின்புறம் என்று ஒளித்து வைத்த எல்லாவற்றையும் எடுத்து வெளியே கொட்டுங்கள். அவசரத்துக்கு என்று ஒன்றை வைத்திருந்தால், அந்த அவசரம் கட்டாயம் வரும்.

இனி அந்தக் காலண்டர் தாளை எடுத்து, எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். பசி என்று எழுதியவர், வேன் ஏறும் முன் ஒரு டம்ளர் கம்மங்கூழோ ராகிக் கூழோ குடித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பொட்டுக்கடலையும் வறுத்த நிலக்கடலையும் கைப்பையில் இருக்கட்டும். பல்வலி என்று எழுதியவர், விடும் நாளுக்கு முன்பே அரசு மருத்துவமனைப் பல் டாக்டரிடமோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ காட்டிவிடுங்கள். புகையிலை மறைத்து வைத்திருந்த வலி, விட்ட இரண்டாம் நாள் தலைதூக்கும்; பலர் அங்கேதான் தோற்கிறார்கள்.

பஞ்சு என்று எழுதுபவர்கள் நூல்மில் பெண்கள். தொண்டையில் அடையும் பஞ்சுத் தூசியைப் புகையிலை இளக்கிவிடும் என்று நம்புகிறார்கள். எச்சில் ஊறுவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். நுரையீரலுக்குள் போன தூசியை எந்தப் புகையிலையும் வெளியே கொண்டுவராது. மாஸ்க்கும் தண்ணீரும்தான் வழி. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கினால் அது பஞ்சு நோயின் அறிகுறியாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்துக்காகப் போடுபவர்கள் பகலில் தூங்கும் நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். நைட் முடிந்து வந்த பெண் உடனே சமையலுக்கும் துணி துவைக்கவும் போனால், அடுத்த நைட்டில் அவளுக்குப் புகையிலை தேவைப்படத்தான் செய்யும். போட்டால்தான் வெளிக்குப் போகிறது என்பவர்கள் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் குடிக்கட்டும். கீரை, கொய்யா, வாழைப்பழம் சேர்க்கட்டும். விட்ட முதல் வாரம் மலச்சிக்கல் வருவது சகஜம்.

'சும்மா' என்பதுதான் கஷ்டமானது. அதற்குக் காரணம் இல்லை. கை பழகிவிட்டது, வாய் நமநமக்கிறது. சோம்பு, கிராம்பு, ஏலக்காய், நெல்லி வற்றல், ஒரு துண்டுச் சுக்கு என்று சுருக்குப்பையை மறுபடி நிரப்புங்கள். நமநமப்பு எவ்வளவு பலமாக வந்தாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, இடத்தை விட்டு எழுந்து போவது, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக்கொடுப்பது, ஆழ்ந்து மூச்சு விடுவது, எது கைகொடுக்கிறதோ அது.

முதல் மூன்று நாள் கடுமையாக இருக்கும். தலைவலி, பிள்ளைகள் மேல் காரணமில்லாத கோபம், தூக்கம் கெடுதல், அழுகை எல்லாம் வரலாம். உடம்பு நிகோடினைத் தேடுகிறது என்று அர்த்தம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளிடம், "அம்மா ஒரு கெட்ட பழக்கத்தை விடறேன், கொஞ்ச நாளைக்குச் சிடுசிடுன்னு இருப்பேன், கோவிச்சுக்காதீங்க கண்ணு" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நல்ல துணை.

இடையில் ஒரு நாள் போட்டுவிட்டீர்களா? அந்தத் துண்டைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள்; விட்ட நாட்களின் எண்ணிக்கை அங்கிருந்தே தொடரட்டும். பலமுறை முயன்ற பிறகே நிரந்தரமாக விட்டவர்கள்தான் உலகம் முழுக்க அதிகம்.

நிகோடின் சூயிங்கம், ஒட்டும் பட்டை

2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். மெல்லும் பழக்கம் உள்ளவர்கள் இதையும் வெற்றிலை மாதிரி வேகமாக மென்றுவிடுகிறார்கள். விக்கலும் குமட்டலும் வந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து தடவை மெதுவாக மெல்லுங்கள். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துவிடுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரைமணி நேரம் இப்படி. டீ, காபி குடித்த கால்மணிக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. வாயில் புண் இருப்பவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இருக்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொட வேண்டாம்; அவர்களுக்குப் பேசிப் பேசி விடவைக்கும் வழிதான் முதல். இருதய நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

விளம்பரம் செய்து விற்கும் 'சொல்லாமலே சாப்பாட்டில் கலக்கும்' பொடிகளை வாங்கவே வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் 2002-லேயே புகையிலையை விடுவதற்கான மருத்துவப் பிரிவு தொடங்கியது. நாட்டில் முதலில் அமைந்த 13 இடங்களில் அது ஒன்று. நம் பக்கத்தில் திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவிலோ பல் பிரிவிலோ கேளுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

கர்ப்ப காலத்தில் பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட பெண்கள், பிறந்த சில மாதத்தில் பழையபடி தொடங்குவது மிகவும் சாதாரணம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை மடித்துக் கொடுப்பது வழக்கம். செரிக்கும், பால் ஊறும் என்பார்கள். வெற்றிலையோடு பாக்கு சேரும், பிறகு பாட்டியின் டப்பாவிலிருந்து ஒரு துணுக்கும் சேரும். கொடுப்பவர் பாசத்தில்தான் கொடுக்கிறார். "வெத்தலை மட்டும் போதுங்கம்மா, பாக்கும் பொயலையும் வேண்டாம், நர்சம்மா சொல்லியிருக்காங்க" என்று மரியாதையோடு மறுத்துவிடலாம்.

நிகோடின் தாய்ப்பாலிலும் வருகிறது. இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே வருகிறது. இதைக் கேட்டுப் பயந்து பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்த வேண்டியது புகையிலையை. தவறிப்போய் ஒரு நாள் போட்டுவிட்டால், அடுத்த பால் கொடுப்பதை முடிந்தவரை தள்ளுங்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகும். வாயையும் கையையும் நன்றாகக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பீடி பிடிப்பவர் வீட்டுக்கு வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும். சேலையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

தவழும் பிள்ளை உள்ள வீட்டில் புகையிலைத் துண்டு தரையில் கிடப்பது பேராபத்து. பிள்ளை அதை வாயில் போட்டு எச்சில் வடிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வேர்த்து வெளிறினாலோ, வெட்டு வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டாருக்கும் சூப்பர்வைசருக்கும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புகைக்கும் கர்ப்பிணிகள் 612 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் கர்ப்ப காலம் முடியும்போது விட்டிருந்தவர்கள் 8.6 சதவீதம். ஆலோசனையோடு, விட்டால் 400 பவுண்டு வரை கடைக் கூப்பன் தரப்பட்டவர்களில் 22.5 சதவீதம். அந்த ஊர்ப் பெண்களும் ஏழைத் தாய்மார்தான். திட்டாமல், நம்பி, கையில் ஒன்றைக் கொடுத்தால் பலன் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரு நாளைக்கு 20 ரூபாய் புகையிலைக்குப் போகிறது என்றால் வருடத்துக்கு 7,300 ரூபாய். மனைவி விட்டால் அந்தப் பணம் அவளுடையது என்று கணவர் வாய்விட்டுச் சொல்லட்டும். மகளிர் குழுவில் சேமிப்பாகப் போட்டு, அவள் இஷ்டப்படி அவளே செலவழிக்கட்டும். வீட்டுச் செலவுக்கு என்று அதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கணவர் பீடியோ ஹான்ஸ் புகையிலைப் பொட்டலமோ வைத்துக்கொண்டு மனைவியை விடச் சொல்வது நடக்காத காரியம். இருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள். மாமியார் போடுபவர் என்றால், டப்பாவை மருமகள் கண்ணில் படாமல் வைப்பதாவது அவர் செய்யக்கூடியது.

கம்பெனிகளில் பொட்டலம் பிடிபட்டால் அபராதம் போடுவதும், எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்டுவதும் உடனே நிற்க வேண்டும். அவமானப்பட்டவள் இன்னும் நன்றாக ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்வாள், அவ்வளவே நடக்கும். நேரத்துக்கு டீ, குடிக்கத் தண்ணீர், கேட்டபோது பாத்ரூம் போக அனுமதி, நைட் ஷிஃப்டில் சூடான சாப்பாடு. இவற்றைச் செய்து கொடுங்கள்.

வாயைப் பாருங்கள்

விட்டவர்களும் விடாதவர்களும் மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் நின்று, கண்ணாடியில் வாயைப் பார்க்க வேண்டும். புகையிலையை வழக்கமாக அதக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கெட்டியான இடம், காரணமில்லாமல் ஆடும் பல், காரம் பட்டால் தாங்காத எரிச்சல், கழுத்தில் கட்டி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்ட வேண்டும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள்; நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாய், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்த வாய்ப் புற்றை முழுதாகக் குணப்படுத்த வாய்ப்பு அதிகம். வலி வந்தபின் போனால் தாடையையே எடுக்க வேண்டிவரலாம். முதலில் அதில் வலி இருக்காது என்பதால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். வாயில் ஒரு புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும், நாளைக்கே லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.